அளவறிந்து இசைவளித்தல்

ஒரு வீட்டிற்கு நாள்தோறும் வருவோர் பலர். பால் கொணர்பவர் வாயிலோடு நின்று செல்கின்றார். விருந்தினர் கூடத்தில் வந்து அமர்கின்றார். சமையல் செய்பவர் அடுக்களை வரை செல்கின்றார். பொருட்பேழையின் திறவுகோலோ வீட்டுத் தலைவியின் கையை விட்டு அகல்வதில்லை. இவ்வாறு வரையறை செய்து கொள்வது வருவோர்மீது ஐயங் கொண்டமையால் அன்று. அவரவர் தொழிலுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு அளிப்பதே இல்லத்தை நன்கு ஆள்வோரின் இயல்பாகும். பால் கொணர்பவர் மிக நல்லவர் என்றே கொள்வோம். பேழையின் திறவுகோல் அவரிடம் இருக்குமாயின், வழியில் அதனை அவரிடமிருந்து பறித்துக் கொள்பவனும் நல்லவனாக இருப்பான் என்பதற்கு உறுதி யாது? ஒருவர்க்கு அளிக்கும் உரிமை, அவரை ஏமாற்ற வல்லவர்க்கும் அளித்த உரிமையே ஆகும்.

இக்காலத்தில் மேசைக் கணிப்பொறியும் ஒரு வீடு போல்வதே. நிலப் பத்திரங்களின் படிகள், வங்கிக் கணக்குகள், மருத்துவக் குறிப்புகள், திருமணப் படங்கள், மாணவர் எழுதிய கட்டுரைகள் ஆகிய அனைத்தும் அதனுள் சேமிக்கப் பெறுகின்றன. அவ்வீட்டினுட் புகுந்து தொழில் புரிவன செயலிகள். கடிதம் எழுத ஒரு செயலி, படம் வரைய ஒரு செயலி, சதுரங்கம் ஆட ஒரு செயலி எனப் பலவற்றை நாம் வரவழைத்துக் கொள்கின்றோம். அவற்றுள் எதனை எந்த அறை வரை விடுவது, எந்தத் திறவுகோலை எதன் கையிற் கொடுப்பது என்பதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

செயலி என்பது கட்டளைகளின் கோவை. அதற்குத் தனக்கென ஓர் அதிகாரமும் இல்லை. அதனை இயக்குகின்ற மனிதரின் அதிகாரத்தையே அது கடனாகப் பெற்று நடக்கின்றது. நெடுங்காலமாக மேசைக் கணிப்பொறிகளில், ஒருவர் இயக்கும் செயலி அவர் செய்யக்கூடிய அனைத்தையும் தானும் செய்யலாம் என்பதே வழக்கமாக இருந்தது. அவர் தம் கடிதங்களைப் படிக்கலாமெனின், அவர் இயக்கும் சதுரங்கச் செயலியும் அவற்றைப் படிக்கலாம். அவர் தம் படங்களை அழிக்கலாமெனின், அதுவும் அழிக்கலாம். இவ்விந்தையான ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதனை அறிய வேண்டுமாயின், கணிப்பொறியின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

தொடக்கக் காலத்தில் ஒரு கணிப்பொறியை ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கே பயன்படுத்தினர். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையைச் செய்து காட்டினர். பலர் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கியதும், ஒருவர் உடைமையை மற்றவர் தொடாவண்ணம் காத்தல் இன்றியமையாததாயிற்று. 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் அறிஞர்கள் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை இதற்கு எளியதொரு வழி கண்டது. ஒவ்வொரு கோப்பிற்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூவகை இசைவுகள். அவ்விசைவுகளைப் பெறுவோர் உடையவர், அவருடைய குழுவினர், ஏனையோர் என மூவகையினர். இம்முறை லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகளில் இன்றும் நிலவுகின்றது.

இம்முறை மனிதரிடமிருந்து மனிதரைக் காத்தது. ஆயின், ஒருவரை அவர் இயக்கும் செயலியினின்றும் காக்க அதன்கண் வழியில்லை. அக்காலத்தில் பயன்படுத்துவோர் தாமே எழுதிய செயலிகளையோ, தம் நிறுவனத்தார் நிறுவிய செயலிகளையோ பெரும்பாலும் இயக்கினர். இன்றோ முன்பின் அறியாதார் ஆக்கிய செயலிகள் இணையத்தின் வழியே நொடிப்பொழுதில் நம் மேசைக்கு வந்து சேர்கின்றன. சுவர்கள் பழையன, வருவோர் புதியர்.

இதனால் விளைந்த தீங்கிற்கு ஒரு சான்று கூறுவோம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், அன்புக் கடிதம் என்னும் பெயருடன் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவிற்று. அதனோடு இணைந்திருந்த கோப்பு கடிதம் போலத் தோன்றினும், உண்மையில் அது கட்டளைக் கோவையே. அதனைத் திறந்தவருடைய முகவரி ஏட்டில் உள்ளார் அனைவர்க்கும் அது தன்னைத் தானே அனுப்பிக் கொண்டது. அவர் சேமித்திருந்த படக் கோப்புகளின்மேல் தன் எழுத்துகளைப் பொறித்து அவற்றை அழித்தது. இங்கு நாம் கருதத் தக்கது ஒன்று உண்டு. அது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கடிதம் அனுப்பவும் படங்களை மாற்றவும் திறந்தவருக்கு இருந்த உரிமையையே அது பயன்படுத்திற்று.

இத்தகைய கேட்டினை முன்னரே உணர்ந்து நெறி வகுத்தோர் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர். கணிப்பொறியில் தகவலைக் காத்தல் பற்றி 1975-ஆம் ஆண்டில் அவர்கள் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடிப்படை நூல் போன்றது. அதிற் கூறப்பெற்ற நெறிகளுள் இரண்டு நமக்கு இங்கு இன்றியமையாதன. செயலி ஒவ்வொன்றும் தன் வேலையை முடிப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையுடன் இயங்குதல் வேண்டும் என்பது ஒன்று. இசைவு வெளிப்படையாக அளிக்கப்பட்டாலன்றி மறுக்கப்பட்டதாகவே கொள்ளுதல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதனைக் குறையுரிமை நெறி என்றும், பின்னதனை மூடிய கதவு நெறி என்றும் நாம் வழங்கலாம்.

நல்ல செயலியும் மிகையான உரிமையால் தீங்கு செய்யக்கூடும் என்பதனை விளக்க ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. அதனை எழுதியவர் நார்மன் ஹார்டி என்னும் அறிஞர். எழுதிய ஆண்டு 1988. அமெரிக்காவில் டைம்ஷேர் என்னும் நிறுவனம் தன் கணிப்பொறிகளின் நேரத்தைப் பலர்க்கும் வாடகைக்கு விட்டு வந்தது. அங்கு ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பெற்றவற்றை இயந்திர மொழியாக மாற்றித் தரும் மொழிமாற்றிச் செயலி ஒன்று இருந்தது. மொழியின் எந்தெந்தக் கூறுகளை மக்கள் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர் என்பதனை அது கணக்கெடுத்துத் தன் அடைவில் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதற்காக, அவ்வடைவிலுள்ள கோப்புகளில் எழுதும் உரிமை அதற்கு அளிக்கப் பெற்றிருந்தது. வாடிக்கையாளர் செலுத்த வேண்டிய தொகைகளைக் குறித்த கட்டணக் கோப்பும் அதே அடைவில் இருந்தது.

அம்மொழிமாற்றிக்கு மற்றொரு வேலையும் உண்டு. பிழை திருத்தக் குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒரு பெயர் கூறுவார். அப்பெயருடைய கோப்பில் அது எழுதும். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் தம் கோப்பின் பெயருக்கு மாறாகக் கட்டணக் கோப்பின் பெயரைக் கூறினார். அவருக்கு அக்கோப்பினைத் தொடவும் உரிமையில்லை. ஆயின், எழுதச் சென்றவர் அவரல்லர்; மொழிமாற்றி. இயக்க முறைமை அதன் உரிமையை நோக்கிற்று. அவ்வடைவில் எழுதும் இசைவு அதற்கு உண்டெனக் கண்டு வழிவிட்டது. கட்டணக் கணக்கு அழிந்தது. மொழிமாற்றி தீயது அன்று; தனக்கு இட்ட பணியைச் செம்மையாகவே செய்தது. எந்த உரிமையை எவர் பொருட்டுச் செலுத்துகின்றோம் என்பதனை அறியாது மயங்கிற்று, அவ்வளவே. ஆதலின் ஹார்டி இதனை ‘மயங்கிய காரியக்காரன்’ என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தார். ஒரு கோப்பிற்கு மட்டும் தரவேண்டிய இசைவை அடைவு முழுமைக்கும் தந்ததே கேட்டிற்கு வித்தாயிற்று.

இனி, கோப்புகளைக் காப்பதினும் அரியதாகிய இயந்திர மொழிக்கு வருவோம். ஒரு செயலி இருவகையாக இயங்கலாம். கணிப்பொறியின் மையச் செயலகம் நேரே உணரக்கூடிய இயந்திர மொழியில் அமைந்து, இடையீடின்றி இயங்குவது ஒருவகை. ஒரு மேற்பார்வையாளன் கட்டளைகளை நோக்கி, தகுமெனக் கண்டவற்றை நிறைவேற்ற இயங்குவது மற்றொரு வகை. முன்னது விரைவும் ஆற்றலும் உடையது. பின்னது காவல் உடையது.

பின்னைய வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜாவா மொழி. 1995-ஆம் ஆண்டில் சன் நிறுவனத்தார் இதனை வெளியிட்டனர். ஜாவாவில் எழுதியவை இடைநிலைக் குறிகளாக மாற்றப் பெறும். அவற்றை மெய்ந்நிகர் இயந்திரம் என்னும் மேற்பார்வையாளன் சரிபார்த்து இயக்குவான். இணையப் பக்கத்தோடு வந்து சேரும் சிறு செயலிகளை அவன் ஒரு வேலிக்குள் வைத்தே ஆட விட்டான். குழந்தைகள் ஆடும் மணற்பெட்டியை நினைந்து, அவ்வேலிக்கு மணற்பெட்டி என்றே பெயர் வைத்தனர். பெட்டிக்குள் இருக்கும் செயலி, வீட்டுக்காரரின் கோப்புகளைப் படிக்க இயலாது; தான் வந்த கணிப்பொறியை அன்றிப் பிறிதொன்றோடு தொடர்பு கொள்ளவும் இயலாது.

வேலி மிக நெருக்கமாயின் பயனுள்ள வேலையும் நடவாது. ஆதலின் 1997-ஆம் ஆண்டில், அறிந்தவர் கையொப்பமிட்ட செயலியை வேலிக்கு வெளியே விடலாம் என்றனர். அஃது உள்ளே அல்லது வெளியே என்னும் இரண்டே நிலை. 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பதிப்பில் நுண்ணிய முறை ஒன்று அமைந்தது. எங்கிருந்து வந்த செயலி, எவர் கையொப்பமிட்டது, அதற்கு எவ்வெவ்விசைவு என்பவற்றை ஒரு கொள்கைக் கோப்பில் எழுதி வைக்கலாம். ‘இந்த ஓர் அடைவிலுள்ள கோப்புகளைப் படிக்கலாம், எழுதலாகாது’ என்று வரையறுக்கவும் அதில் இடமிருந்தது. இயந்திர மொழியில் அமைந்த நூலகம் ஒன்றனைப் பெயர் குறித்து ஏற்றிக்கொள்ள அளிக்கும் இசைவும் அவற்றுள் ஒன்று.

மேற்பார்வையாளன் இருக்க, இயந்திர மொழி நூலகம் எதற்கு என்று வினவலாம். மேசையிலுள்ள வருடியையோ, அட்டை படிக்கும் கருவியையோ இயக்க வேண்டுமாயின், அக்கருவிக்குரியார் தரும் நூலகம் பெரும்பாலும் இயந்திர மொழியிலேயே இருக்கும். பல்லாண்டு உழைப்பால் உருவாகிய கணித நூலகங்களும் அவ்வாறே. அவற்றை மீண்டும் எழுதுவதினும் அழைத்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை. ஆனால், செயலி அந்நூலகத்தினுள் காலடி வைத்த பின்னர் மேற்பார்வையாளன் அதனைப் பின்தொடர இயலாது. இயந்திர மொழிக் கட்டளைகள் செயலியின் நினைவகத்தில் எவ்விடத்தையும் தொடலாம். இயக்க முறைமையை நேரே அழைக்கலாம். ஆதலின், ‘கோப்பினைப் படிக்கலாகாது’ என மறுத்துவிட்டு, ‘நூலகத்தை ஏற்றலாம்’ என இசைவளித்தால், முன்வாயிலைத் தாழிட்டுப் புழைக்கடைத் திறவுகோலைக் கையிற் கொடுத்தது போலாகும்.

தீய எண்ணம் இல்லாவிடினும் இங்கு இடர் உண்டு. ஜாவாவில், பத்துப் பொருள்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பதினோராவதனை வைக்க முயன்றால் மேற்பார்வையாளன் தடுப்பான். சி மொழியில் அத்தகைய தடை இயல்பாக இல்லை. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இணையத்திற் பரவிய மாரிஸ் புழு என்னும் நச்சுச் செயலி இக்குறையையும் ஒரு வழியாகக் கொண்டது. பயனர் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும் ஒரு சிறு செயலியில், வரும் செய்திக்கென 512 பைட் அளவே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. புழுவோ 536 பைட் அளவுள்ள செய்தியை அனுப்பிற்று. வழிந்த பகுதி அடுத்த இடத்தில் விழுந்து, அங்கிருந்த கட்டளை வழியை மாற்றிவிட்டது. கேட்பாரற்ற அவ்வொரு பிழையால் அந்நியன் கட்டளை அரசு செலுத்திற்று.

ஜாவாவின் கொள்கைக் கோப்பு பின்னர் என்னாயிற்று என்பதும் அறியத்தக்கது. அதனை எழுதுதல் எளிதாக இல்லை. ஒரு செயலிக்கு வேண்டிய இசைவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறிக்கும் பொறுமை சிலர்க்கே இருந்தது. வேறு சிலர், எல்லா இசைவும் உண்டு என ஒரே வரியில் எழுதி முடித்தனர். பெரும்பாலோர் அக்காவலையே அமர்த்திக் கொள்ளவில்லை. இணையப் பக்கத்தில் வரும் ஜாவாச் செயலிகளும் காலப்போக்கில் வழக்கிழந்தன. 2021-ஆம் ஆண்டில் வந்த 17-ஆம் பதிப்பில் இக்காவல் முறை கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் வந்த 24-ஆம் பதிப்பில் அது முற்றிலும் செயலிழக்கச் செய்யப்பட்டது. பூட்டு எத்துணைச் சிறந்ததாயினும், பூட்டுவதற்கு அரியதாயின் திறந்தே கிடக்கும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

ஆயினும் புழைக்கடை வாயிலை ஜாவா அறிஞர்கள் மறக்கவில்லை. 2024-ஆம் ஆண்டில் வந்த 22-ஆம் பதிப்பில், இயந்திர மொழி நூலகங்களை அழைக்கும் புதிய முறை நிலைபெற்றது. அம்முறையில், செயலியின் எந்தப் பகுதி அவ்வாறு அழைக்கலாம் என்பதனைச் செயலியை இயக்குவோரே பெயர் சுட்டி இசைவளித்தல் முறையாகும். 24-ஆம் பதிப்பு முதல், பழைய முறையில் அழைப்பவற்றுக்கும் இசைவு கூறப்படாவிடின் எச்சரிக்கை எழுகின்றது. நூறு சிறு பூட்டுகளை நீக்கிய இடத்தில் ஒரு பெரிய வாயிலுக்கு மட்டும் எளிய தாழ் அமைத்ததாக இதனைக் கருதலாம்.

இணையப் பக்கங்களை ஆக்கும் மொழிகளைக் கொண்டே மேசைக் கணிப்பொறிச் செயலிகளைச் செய்யும் முறையும் இன்று பெருகியுள்ளது. எலெக்ட்ரான் என்னும் சட்டகம் அவ்வகையில் பெயர் பெற்றது. அதில் அமைந்த செயலியின் சாளரம் இணையப் பக்கம் போன்றது. ஆனால் கோப்புகளையும் பிற கட்டளைகளையும் இயக்கும் ஆற்றல் அதன் பின்னே உள்ளது. அயலார் அனுப்பிய செய்தியினுள் ஒளிந்த கட்டளை அச்சாளரத்தில் இயங்கிவிடின், அப்பேராற்றல் முழுவதும் அதன் கைப்படும். ஆதலின் 2019-ஆம் ஆண்டில் வந்த 5-ஆம் பதிப்பு முதல், சாளரத்திற்கு அவ்வாற்றலை இயல்பாக அளிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் வந்த 20-ஆம் பதிப்பு முதல் சாளரங்கள் மணற்பெட்டிக்குள் இயங்குவதே இயல்பாயிற்று. சாளரத்திற்கும் பின்னணிக்கும் இடையே சிறு பாலம் ஒன்று அமைத்து, அதன் வழியே பெயர் குறித்த சில பணிகளை மட்டும் செல்ல விடுதல் வேண்டும். ‘இக்குறிப்பினைச் சேமி’ என்னும் பணி அப்பாலத்தில் வரலாம். ‘எந்தக் கோப்பிலும் எழுது’ என்னும் பணி வரலாகாது.

மயங்கிய காரியக்காரனுக்கும் மருந்து உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறிச் செயலிக் கடைக்கு வரும் செயலிகள் மணற்பெட்டிக்குள் இயங்க வேண்டும் என 2012-ஆம் ஆண்டு ஜூன் முதல் வற்புறுத்திற்று. அங்கு ஒரு செயலி கோப்பினைத் திறக்க விரும்பினால், கோப்புப் பட்டியலைக் காட்டுவது செயலி அன்று. இயக்க முறைமையே காட்டுகின்றது. பயன்படுத்துவோர் ஒரு கோப்பினைத் தொட்டுக் காட்டியதும், அந்த ஒரு கோப்பிற்குரிய இசைவு மட்டும் செயலியின் கைக்கு வருகின்றது. தேர்ந்தெடுத்தலே இசைவளித்தலும் ஆகின்றது. டைம்ஷேர் நிறுவனத்தில் பெயர் கூறியவர் ஒருவர், உரிமை உடையது மற்றொன்று என இருந்த பிளவு இங்கு இல்லை. லினக்ஸ் முறைமையில் ஃபிளாட்பேக் என்னும் ஏற்பாட்டிலும் இத்தகைய வாயில்கள் உள்ளன.

இதுகாறும் கூறியவற்றால், செயலி ஆக்குவோர் மேற்கொள்ள வேண்டிய முறை புலனாகும். முதலில், தம் செயலி செய்ய வேண்டிய பணிகளை வரிசைப்படுத்தல் வேண்டும். அடுத்து, எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டு, பணிக்கு இன்றியமையாத கதவினை மட்டும் திறத்தல் வேண்டும். அடைவு முழுமைக்கும் இசைவு கேளாது ஒரு கோப்பிற்குக் கேட்டல் வேண்டும். என்றும் உள்ள இசைவை நாடாது வேண்டும்பொழுது மட்டும் பெறுதல் வேண்டும். இயந்திர மொழிப் பகுதி தவிர்க்க ஒண்ணாததாயின், அதனைத் தனிச் சிறு செயலியாகப் பிரித்து, குறைந்த உரிமையுடன் வேலிக்குள் இயங்க வைத்தல் வேண்டும். அதனுள் தீ மூண்டாலும் வீடு முழுதும் பற்றாது.

பயன்படுத்துவோர்க்கும் கடமை உண்டு. 2007-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, முறைமையை மாற்றும் செயல்களுக்கு முன் ‘இசைகின்றீரா?’ என வினவத் தொடங்கிற்று. வினாக்கள் மிகுதியாக எழுந்தமையால் பலரும் அவற்றைத் தொல்லை எனக் கருதினர். 2009-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 7 அவற்றைக் குறைத்தது. 2018-ஆம் ஆண்டு முதல் ஆப்பிளின் மேசைக் கணிப்பொறிகளில், செயலி நிழற்படக் கருவியையும் ஒலிவாங்கியையும் தொடும் முன் வினா எழுகின்றது. அத்தகைய வினா எழும்பொழுது, படியாமலே ஆம் எனச் சொல்பவர், எழுதாத தாளில் கையொப்பமிடுபவரை ஒப்பர். இச்செயலியின் பணி யாது? அப்பணிக்கு இவ்விசைவு வேண்டுமா? இவ்விரண்டு வினாக்களையும் நம்மை நாமே கேட்டுக் கொள்ளுதல் நன்று. சதுரங்கம் ஆடும் செயலிக்கு ஒலிவாங்கி எதற்கு? விடை தோன்றாவிடின் மறுத்தலே முறை. மறுத்ததனைப் பின்னர் அளிக்கலாம். வெளியே சென்ற மறையை மீட்டல் அரிது. முன்பு அளித்த இசைவுகளையும் அவ்வப்போது அமைப்புப் பகுதியிற் சென்று நோக்கி, வேண்டாதனவற்றைத் திரும்பப் பெறுதல் வேண்டும்.

இன்று இதனைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை செயலிகளை ஆக்குவோர் ஆவர். பிறர் வீட்டிற்குள் நுழையும் அப்பொருளை ஆக்கும்பொழுது, தாம் கேட்கும் ஒவ்வோர் இசைவும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் திறவுகோல் என்பதனை அவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். வேண்டிய அளவு கேட்டல் தொழில் அறிந்தார் செயல். அதற்கு மேல் ஒன்றும் கேளாமை பிறர் உடைமையை மதிப்பார் பண்பு.